வடமோடியா தென்மோடியா: ஆட்டத்துக்குள் ஒளிந்திருப்பவை

கிழக்கிலங்கையில் மூதூர்ப் பக்கம் கோயில் வெளியில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் கூத்தின் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வடமோடியில் எனக்கு முதலில் பிடிபட்டது கரப்புடுப்புத்தான். பெயரே கோழி மூடும் கரப்பிலிருந்து வந்ததுபோல இருக்கும், இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் அந்தப் பாரத்தோடு அரசன் வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், சுழலும்போது அவன் பிடித்திருக்கும் இடமே அவனுடைய நாடு என்று தோன்றும், பக்கத்தில் யாரும் நெருங்க முடியாது. பாரதப் போர்க் கதைகளுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

தென்மோடியில் உடுப்பு இலேசு. அப்புறம் கண் நேரே காலுக்குத்தான் போகும், ஆட்டம் அவ்வளவு நுணுக்கம், பாட்டிலும் இழுப்பும் குழைவும் அதிகம்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று, பாத்திரம் களரிக்கு வரும்போது ஒலிக்கும் வரவுத் தாளக்கட்டு. அரசனுக்கு ஒன்று, பெண் பாத்திரத்துக்கு வேறொன்று. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் கையை வைத்ததுமே, முகம் தெரியும் முன்பே, வருவது யார் என்று பின்வரிசைக் கிழவிகள் சொல்லிவிடுவார்கள்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுபோனது பெரிய வேலை. ஆனாலும் நாலு பக்கமும் ஆள் இருக்கும் களரியில்தான் அந்தச் சுழற்சிக்கு முழு அர்த்தம். எனக்கு வடமோடிதான், அந்தச் சுழற்சிக்காகவே.