நீலகிரியிலிருந்து ஷார்ஜாவுக்கு: கரிப்பூரா, பீளமேடா?

நீலகிரியிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்வோர், கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமானம் ஏறுவதா, கோவை பீளமேட்டில் ஏறுவதா என்று தூரக் கணக்குப் பார்ப்பது வழக்கம். வான்வழித் தூரத்தை வைத்து இதற்கு விடை காண முடியாது. ஷார்ஜா, கரிப்பூரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 2,670 கிலோமீட்டர். பீளமேட்டிலிருந்து ஏறத்தாழ 2,770 கிலோமீட்டர். இந்த 100 கிலோமீட்டரை விமானம் ஏழெட்டு நிமிடங்களில் கடந்துவிடும். எங்கிருந்து ஏறினாலும் சுமார் 4 மணி நேரப் பயணம்தான்.

சீட்டில் அச்சாகும் நேரம் பலரைக் குழப்புகிறது. அமீரகத்தின் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே விடியற்காலை 4 மணிக்குப் புறப்படும் விமானம் அங்கே 6.30 மணிக்கு இறங்குவதாகக் காட்டும். திரும்பும்போது அதே தூரத்துக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஆவதுபோல் தோன்றும்.

உண்மையான வேறுபாடு மலைப்பாதையில் இருக்கிறது. கூடலூரிலிருந்து நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதே கூடலூரிலிருந்து பீளமேட்டுக்கு வர வேண்டுமானால், நடுவட்டம் ஏறி, உதகையைக் கடந்து, மேட்டுப்பாளையம் இறங்கி, 140 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்ய வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கரிப்பூரே உகந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வளைகுடா நகரங்களுக்கு அங்கிருந்து விமானங்களும் அதிகம். குன்னூர், கோத்தகிரி மக்களுக்குப் பீளமேடுதான்.

உதகைக்காரர்கள் மாதத்தையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தையும் நாடுகாணிச் சுரத்தையும் (மலைச்சாலையையும்) தாக்கும். மேட்டு நிலத்தில் அமைந்த கரிப்பூர் ஓடுபாதையில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு நிலையங்களுக்குத் திருப்பப்படுவதும் உண்டு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையைச் சோதிக்கும். பர்லியாறு அருகே மரம் சாய்ந்து, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட, மடியில் கடவுச்சீட்டுடன் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருப்பவரின் தவிப்பு சொல்லி மாளாது. ஆனாலும் அங்கே கோத்தகிரி வழியாக இறங்க மாற்றுச் சாலை இருக்கிறது. நாடுகாணி அடைபட்டால் வயநாடு சுற்றித் தாமரசேரிச் சுரம் இறங்க வேண்டும். இந்தக் காரணத்தாலேயே, உதகையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் பீளமேட்டை உதகைக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன்.

பெங்களூரு பலருக்கும் மூன்றாவது தேர்வு. அங்கிருந்து துபாய் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் என்பதால் வான்வழியில் எந்த இலாபமும் இல்லை. சாலையோ உதகையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் நெரிசலைக் குறைக்கக் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும். வெளியூர் வாடகை வண்டி மேலே வர இ-பாஸ் தேவை. உள்ளூர்ப் பதிவு வண்டியானால் அந்தத் தொல்லை இல்லை. பயண நாளில் விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்து, உதகையிலிருந்து குறைந்தது ஏழு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். மழைக்காலத்தில் முந்தைய நாளே இறங்கி, கரிப்பூர் அருகே உள்ள கொண்டோட்டியிலோ கோவையிலோ தங்கிவிடுவது நல்லது.