பிரிண்டர் கட்டுப்பாடு என்ற பெயரில் பணம் பறிப்பவர்கள்: கடலூர் அலுவலகங்களின் கவனத்திற்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் அனைவருக்கும் பொதுவாக ஒரு கலர் பிரிண்டர் இருக்கிறது. மை செலவு கட்டுக்கடங்காமல் போனதால், மூத்த ஊழியர் மூவர் மட்டுமே அதில் அச்சிடும்படி அமைத்துத் தருமாறு, புதுச்சேரியிலிருந்து வந்துபோகும் கணினிச் சேவையாளர் ஒருவரிடம் கேட்டோம். ‘பயனர் அனுமதி அமைப்பு’ என்று பில்லில் தனி வரியே எழுதி, முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டார்.

மற்றவர்களின் கணினிகளிலிருந்து பிரிண்டர் ஐகானை நீக்கியது ஒன்றே அவர் செய்த வேலை. பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் ஒருவர் நெட்வொர்க்கில் சர்வரை (பிரிண்டரை மற்றவற்றுடன் பகிர்ந்துகொள்ளும் கணினியை) திறந்து, பிரிண்டரை மீண்டும் சேர்த்துக்கொண்டு, தம் கல்லூரி அறிக்கை முழுவதையும் கலரில் எடுத்தபோதுதான் இது வெளிப்பட்டது. சர்வரில் பிரிண்டரின் ‘செக்யூரிட்டி’ பக்கத்தைப் பார்த்தால், விண்டோஸ் வழக்கமாகத் தானே சேர்த்துவைக்கும் ‘எவ்ரிஒன்’ (எல்லோரும்) குழுவுக்கு அச்சிடும் அனுமதி அப்படியே இருந்தது.

திரும்ப வந்த சேவையாளர், அந்தக் குழுவை நீக்கிவிட்டு மூவரின் பெயரைச் சேர்ப்பதற்குப் பதிலாக, ‘எவ்ரிஒன்’ எதிரே ‘டினை’ (மறுப்பு) கட்டத்தில் டிக் வைத்துவிட்டுப் போனார். விண்டோஸில் மறுப்பும் அனுமதியும் மோதினால் மறுப்பே செல்லும். அந்தக் குழுவில் எல்லோரும் அடக்கம் என்பதால், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடியில் அந்த மூவராலும் அச்சிட முடியவில்லை. இதை டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கோளாறு என்று சொல்லி அதற்கும் கட்டணம் கேட்டார் என்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

பிறகு வேறொருவரை அழைத்துச் சோதித்ததில் இன்னும் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. சர்வரில் கடவுச்சொல் கேட்கும் பகிர்வு முறையை முதலில் வந்தவர் நிறுத்தி வைத்திருந்ததால், சர்வரில் கணக்கு இல்லாத எவரும் ‘கெஸ்ட்’ (விருந்தினர்) ஆகவே உள்ளே வந்தார்கள். ஆளை அடையாளம் காணாத இடத்தில் ஆள்வாரியான அனுமதிக்கு வேலையே இல்லை. எங்களைப் போல டொமைன் (எல்லாக் கணினிகளின் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத அலுவலகங்களில், அனுமதி பெற வேண்டிய ஒவ்வொருவருக்கும் சர்வரிலேயே கடவுச்சொல்லுடன் கணக்குத் தொடங்கியாக வேண்டும். அடுத்ததாக, நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் 9100 போர்ட் (நெட்வொர்க் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) வழியாக எந்தக் கணினியிலிருந்தும் நேரடியாக அச்சுப்பணியை ஏற்கும். பிரிண்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) தெரிந்த ஒருவர் சர்வரைத் தொடாமலேயே அச்சிடலாம் என்பதால், பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தில் சர்வரின் முகவரியை மட்டும் அனுமதித்து மற்றவற்றை அடைக்க வேண்டும். அந்தப் பக்கத்திற்குள் அவர் நுழைந்த தடமே இல்லை. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல் கூட மாற்றப்படாமல் இருந்தது.

ஆகவே இத்தகைய வேலைக்குப் பணம் கொடுக்கும் முன், அனுமதி இல்லாத ஊழியரின் கணினியில் சேவையாளரையே உட்காரச் சொல்லி, சர்வர் வழியாகவும் ஐபி முகவரி வழியாகவும் அச்சிட முயன்று காட்டச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி நாங்கள் எழுதிய கடிதத்திற்கு அவரிடமிருந்து இதுவரை பதில் இல்லை.