மெயில் சர்வருக்கு ஏஎம்சி கொடுத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சொந்தமாக மெயில் சர்வர் (அலுவலக மெயில்கள் வந்து போகும் கணினி) வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ள வெளி ஆட்களுக்கு ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், கொடுத்திருக்கும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் கொடுத்த காசுக்கு வேலை நடக்கவில்லை. நடந்ததாகக் கையெழுத்து மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

எங்களுடையது பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பருப்பை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம், அலுவலகம் கடலூரில். கணக்கும் ஏற்றுமதிக் காகிதங்களும் என் பொறுப்பு. விலை பேசுவது, இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) நகல் எல்லாமே மெயிலில்தான். ஜிம்ப்ரா 9 என்ற மெயில் மென்பொருள் ஓடும் சர்வர் மாடியில் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள ஒரு ஐடி சர்வீஸ் நிறுவனம்தான் அதைப் போட்டுக் கொடுத்தது, வருடப் பராமரிப்பும் அவர்களிடமே. விவகாரம் வக்கீல் வரை போயிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு இன்ஜினியர் தம்பி வருவார். யுபிஎஸ் பேட்டரியைப் பார்ப்பார், ஃபேனில் தூசு தட்டுவார், பேக்கப் டிஸ்க்கை மாற்றுவார். போகும்போது சர்வீஸ் ரிப்போர்ட்டின் மஞ்சள் நகலைக் கிழித்துக் கொடுப்பார். அதில் ‘மெயில் சர்வர் செக்யூரிட்டி அப்டேட்’ என்று ஒரு வரி, பக்கத்தில் டிக். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாற்றினார்கள், எந்தத் தேதியில் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணையில் வெள்ளம். லாரி கிளம்ப வழியில்லை. துபாயில் இருக்கும் வாடிக்கையாளருக்கு, வெள்ளத்தால் சரக்கு தாமதமாகும் என்று மெயில் போட்டேன். அந்த மெயிலுக்குக் கீழேயே, என் முகவரியிலிருந்தே, அவருக்கு இன்னொரு மெயில் போயிருக்கிறது: எங்கள் வங்கிக் கிளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, பாக்கித் தொகையை இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் லெட்டர்ஹெட், சரியான இன்வாய்ஸ் எண், நான் வழக்கமாக மெயிலை முடிக்கும் வரி, எல்லாம் அப்படியே. வங்கியும் கணக்கு எண்ணும் மட்டும் வேறு. இந்த ஊர் வெள்ளத்தையே சாக்காக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒருவன் எங்கள் கடிதங்களை உட்கார்ந்து படித்திருக்கிறான்.

வாடிக்கையாளர் பணத்தைப் போட்டுவிட்டார். நம் மதிப்பில் ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய். போடுவதற்கு முன் சந்தேகம் கேட்டு இரண்டு மெயில் அனுப்பியிருக்கிறார், ஒன்றும் என் இன்பாக்ஸுக்கு வரவில்லை. என் கணக்கில் யாரோ ஒரு ஃபில்டர் போட்டு, அவர் அனுப்புவதெல்லாம் ஒரு மூலை ஃபோல்டரில் விழும்படி செய்திருந்தார்கள். பணம் அனுப்பிவிட்டேனே, சரக்கு எப்போது என்று அவர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

ஏஎம்சி நிறுவனத்தைக் கூப்பிட்டோம். வந்தவர் சர்வரைத் திறக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார். “மேடம், நீங்க ஏதாவது லிங்க்கை கிளிக் பண்ணியிருப்பீங்க. பாஸ்வேர்டு போயிருக்கும்.” அப்புறம் ‘செக்யூரிட்டி கிளீனப்’ என்று தனியாக 45,000 ரூபாய்க்குப் பில். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினார்கள், பேட்ச் (மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போட்டார்கள், ‘சர்வர் கிளீன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரியில் இன்னொரு வாடிக்கையாளருக்கும் அதே மாதிரி மெயில் போனது. அவர் பணம் போடும் முன் போன் செய்து கேட்டதால் தப்பித்தோம். இதற்குப் பிறகு முதலாளி சென்னையிலிருந்து, அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரை வரவழைத்தார். சர்வர் பாதுகாப்பே அவருக்குத் தொழில். அவர் கண்டுபிடித்ததைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் சர்வர் டிசம்பர் வரை 2022-ல் வந்த ஒரு பேட்ச்சோடு நின்றிருந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க ரிப்போர்ட்டில் டிக் விழுந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பர் தொடக்கத்தில் ஜிம்ப்ரா ஒரு பெரிய ஓட்டையை அடைத்துப் பேட்ச் வெளியிட்டது. பாதுகாப்புத் துறையில் அதன் எண் சிவிஇ-2024-45519. ஜிம்ப்ரா 9-க்கு அது 41-ஆவது பேட்ச். அந்த மாதக் கடைசியில் ஓட்டையின் தொழில்நுட்ப விவரம் பொதுவெளிக்கு வந்தது, மறுநாளே உலகம் முழுக்கத் தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. வழி இதுதான்: ஜிம்ப்ராவில் போஸ்ட்ஜர்னல் என்று ஒரு சேவை உண்டு. அது ஓடும் சர்வருக்கு ஒரு மெயில் அனுப்புவார்கள், அனுப்புநர் ஜிமெயில் முகவரி போலத் தெரியும். சிசி கட்டத்தில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை மறைத்து வைத்திருப்பார்கள். சர்வர் அதை முகவரி என்று எடுத்துப் படிக்கும்போதே அந்தக் கட்டளை ஓடிவிடும். யாரும் லிங்க்கைத் தொட வேண்டாம், மெயிலைத் திறக்கக்கூட வேண்டாம். அந்த விசித்திரமான சிசி வரிகள் எங்கள் லாக்கிலேயே, அதாவது சர்வர் தானாக எழுதி வைக்கும் பதிவுகளிலேயே, இருந்தன. என்னைப் பார்த்து “கிளிக் பண்ணியிருப்பீங்க” என்று சொன்னவருக்கு அவற்றைத் தேடிப் பார்க்கக்கூட மனமில்லை.

இதைவிட மோசமானது அடுத்தது. அந்தக் கட்டளை சர்வருக்குள் ஒரு ஜேஎஸ்பி ஃபைலை (சர்வரில் ஓடும் சிறு நிரல்) எழுதி வைத்திருந்தது. பெயரைப் பார்த்தால் ஜிம்ப்ராவின் சொந்த ஃபைல் போலவே இருக்கும். இதற்கு வெப்ஷெல் என்று பெயர். முகவரி தெரிந்தவன் வெளியிலிருந்து பிரௌசர் வழியாகவே சர்வருக்கு ஆணையிடலாம். பாஸ்வேர்டு மாற்றினாலும் இது போகாது, பேட்ச் போட்டாலும் போகாது. திருடன் பரணில் படுத்திருக்கும்போது வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபைலின் தேதி அக்டோபர். டிசம்பரில் ‘கிளீன்’ என்று எழுதிக் கொடுத்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் ஓடும் சர்வர்களில் ப்ராக்ஸிலாகன் என்ற ஓட்டை வெடித்தபோது இதே கதைதான். பேட்ச் வந்த பிறகும் வெப்ஷெல்கள் அப்படியே கிடந்ததால், அமெரிக்காவில் எஃப்பிஐ நீதிமன்ற அனுமதி வாங்கி, நூற்றுக்கணக்கான சர்வர்களிலிருந்து அவற்றை நீக்கியது. சர்வர் பராமரிப்பைத் தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

லாக் விஷயத்திலும் ஏமாற்றப்பட்டோம். இடம் போதவில்லை என்று சொல்லி, டிசம்பரில் பழைய லாக்குகளை அவர்கள் துடைத்துவிட்டார்கள். சென்னைக்காரர் பார்த்தது, கழற்றி பீரோவில் வைத்திருந்த பழைய பேக்கப் டிஸ்க்கில் மிச்சமிருந்ததை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இப்படி ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இரண்டையும் ஏஎம்சிக்காரர்கள் எங்களிடம் வாய் திறந்து சொல்லவில்லை. சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தபோது அவர்கள் கேட்டது இந்த லாக்குகளைத்தான்.

பணம் திரும்பவில்லை. வாடிக்கையாளரோடு பேசி பாதி நஷ்டத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். வக்கீல் நோட்டீஸுக்கு வந்த பதிலில், “ஏஎம்சியில் ஹார்டுவேர் மட்டும்தான் அடக்கம், பேட்ச் போடுவது எங்கள் வேலை இல்லை” என்கிறார்கள். அப்படியானால் அத்தனை மஞ்சள் நகல்களிலும் எதற்கு டிக் போட்டார்கள்?

உங்களிடம் ஜிம்ப்ரா இருந்தால், அட்மின் பக்கத்தில் பதிப்பையும் பேட்ச் எண்ணையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஜிம்ப்ரா வெளியிடும் பட்டியலில் கடைசி எண் என்ன என்று ஒப்பிடுங்கள். இதற்கு இன்ஜினியர் தேவையில்லை. அந்த அட்மின் பக்கம் வெளி இணையத்திலிருந்து திறக்கிறதா என்று மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள், திறந்தால் அன்றைக்கே மூடச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் அப்டேட்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹோஸ்டிங்கோடு வரும் ரவுண்ட்கியூப் வெப்மெயிலிலும் பத்து வருடத்துக்கு மேல் பதுங்கியிருந்த ஓர் ஓட்டை 2025 ஜூனில்தான் அடைக்கப்பட்டது. 1.6 வரிசையில் 1.6.11-க்குக் கீழே இருந்தால் உடனே மாற்ற வேண்டும். எந்த ஓட்டைகள் வழியாக நிஜமாகவே ஆட்கள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் சிசா அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் உங்கள் மென்பொருளின் பெயர் வந்துவிட்டால், அடுத்த சர்வீஸ் விசிட் வரை காத்திருக்கக் கூடாது.

ஏற்கெனவே யாராவது நுழைந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், சர்வரை ஃபார்மேட் செய்யவோ லாக்கைத் துடைக்கவோ யாரையும் விடாதீர்கள். நெட்டிலிருந்து பிரித்து, டிஸ்க்கை முழுதாக நகல் எடுக்கச் சொல்லுங்கள். இந்தியக் கணக்குக்குப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன். அப்புறம் புதிய சர்வரைப் புதிதாக நிறுவி, மெயில்களை மட்டும் சோதித்து மாற்ற வேண்டும். பழையதையே துடைத்துத் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நாங்கள் இப்போது வேறு ஆட்களிடம் கொடுத்திருக்கிறோம். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் ஓட்டைக்குப் பேட்ச் வந்தால் 48 மணி நேரத்துக்குள் போட வேண்டும், போட்ட பின் பதிப்பு எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறோம். ஸ்கிரீன்ஷாட் வராத மாதத்துக்கு நான் பில் பாஸ் செய்வதில்லை.