ஜெர்மனிக்குப் போகும் காரைக்குடிப் பார்சல்: எது தாங்கும், எது வீண்

காரைக்குடிப் பலகாரக் கடைகளில் ‘ஃபாரின் பார்சல்’ என்று கேட்டால் எடுத்து வைப்பது ஏறக்குறைய ஒரே செட்தான்: தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை. கூடவே குழம்பு மிளகாய்த்தூள், இட்லிப் பொடி, ஊறுகாய். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்த அடுப்படி வைத்திருக்கும் உறவுக்காரர்களுக்கு இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜெர்மனிக்கு ஓ-பேர் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இதையே கட்டிக் கொடுத்தால் பாதி வீண்.

ஓ-பேர் என்றால் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மொழி படிக்கும் ஏற்பாடு. விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது, ஏ1 எனப்படும் தொடக்க நிலை அளவுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும், அதிகபட்சம் ஓர் ஆண்டு. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்குத் தனியாக 70 யூரோ. தனி அறை கொடுப்பார்கள், தனி அடுப்படி கிடையாது. பார்சல் கட்டுகிறவர்கள் மறக்கக் கூடாதது இந்த ஒன்றைத்தான். அங்கே பல வீடுகளில் இரவுச் சாப்பாடு ஆறு, ஏழு மணிக்குள் ரொட்டியும் சீஸுமாக முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு அவளுக்குப் பசிக்கும். அடுத்தவர் அடுப்படியில் அந்த நேரத்தில் பாத்திரம் உருட்டக் கூச்சமாக இருக்கும். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அப்போது இங்கே இரவு ஒன்றரை. ஃபோன் போட்டால் எடுக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகளும் மூடியிருக்கும். அந்த நேரத்துக்கு உதவும் பொருள்தான் பார்சலில் இருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் புளிக்காய்ச்சலுக்கு. தாளிப்பெல்லாம் இங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு கிண்ணம் சூடான சோற்றுக்கு இரண்டு தேக்கரண்டி போட்டுப் பிசைந்தால் போதும், வாடை வீடு முழுக்கப் பரவாது. குழம்பு மிளகாய்த்தூள் அப்படியில்லை. தாளித்து, வதக்கி, கொதிக்கவிட்டால்தான் அதற்கு உயிர். குளிருக்குச் சன்னலை அடைத்துவைத்த வீட்டில் காய்ந்த மிளகாய் கருகினால் பிள்ளைகள் இருமத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு ஜெர்மன் வீடுகளில் படுக்கையறையிலும் நடையிலும் புகை அலாரம் சட்டப்படி கட்டாயம், அடுப்படி திறந்த அமைப்பென்றால் அது அலறிவிடும். கால் கிலோவுக்கு மேல் தூள் வேண்டாம்.

கடைக்காரர் புளிக்காய்ச்சலைக் கண்ணாடி பாட்டிலில் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். உடைவதை விடக் கசிவுதான் பெரிய தொல்லை. மூடியின் மரை வழியாக நல்லெண்ணெய் மெல்ல ஏறி வந்து துணியெல்லாம் நாசம். தடிமனான பவுச்சில் இரட்டை சீல் போடச் சொல்லி, அதை இன்னொரு கவரில் போட்டு, செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடுவதை நம்பிப் போக முடியாது.

இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் தாராளமாகப் போகலாம். அங்கே கிடைக்கும் ரொட்டியில் கொஞ்சம் எண்ணெய் தடவி இட்லிப் பொடி தூவித் தின்றால் அதுவே ஒரு வேளைக்கு ஆகிவிடும்.

பலகாரத்தில் தேன்குழல் ருசியில் முதல், பயணத்தில் கடைசி. வேக்குவம் பேக் செய்தால் காற்றை உறிஞ்சும்போதே நொறுங்கித் தூளாகிவிடும். நைட்ரஜன் நிரப்பி உப்பலாக சீல் போடும் கடையில் மட்டும் வாங்கலாம். சீப்புச் சீடை சற்றுத் தாங்கும், ஆனால் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்ததென்றால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மனகோலத்திலும் முதலில் கெடுவது தேங்காய்ப் பல்தான், அதைப் போடாமல் செய்து தரச் சொல்லுங்கள். என்றைக்குப் பொரித்தது என்பதையும் கேளுங்கள். வாரக்கணக்கில் டின்னில் கிடந்த முறுக்கை என்ன கவர் போட்டாலும் காப்பாற்ற முடியாது.

அதிரசத்தை ஆறவிடாமல் கட்டினால் கவருக்குள் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, எண்ணெய் வடித்து, தாளில் தனித்தனியாகச் சுற்றினால் தாங்கும். மாவுருண்டை அங்குள்ள குளிரில் நெய் உறைந்து கல்லாகிவிடும். ஹீட்டர் பக்கத்தில் சற்று நேரம் வைத்தால் இளகும் என்பதை அவளிடம் சொல்லி அனுப்புங்கள், இல்லையென்றால் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடுவாள்.

சுங்கத்தில் மாட்டுவது எவை என்பது கடைக்காரர்கள் பலருக்கே தெரிவதில்லை. இறைச்சியும் பால் பொருளும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக் கூடாது. ஆகவே உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய், நெய் பாட்டில், பால்கோவா எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், கறிவேப்பிலைப் பொடியாகக் கொடுங்கள். கருவாட்டுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் கொடுப்பார்களா என்பது வேறு கதை.

பிறகு தபாலில் அனுப்புவதென்றால் அனுப்புநர் இடத்தில் கடைப் பெயர் இருக்கக் கூடாது. தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் 45 யூரோ வரையிலான அன்பளிப்புக்குத்தான் வரிவிலக்கு. கடை பெயரில் போனால் வியாபாரச் சரக்காகி வரியும் கையாளும் கட்டணமும் அவள் தலையில் விழும், 280 யூரோவில் அது சின்னத் தொகை இல்லை. உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் விலையோடு எழுதுங்கள். ‘ஹோம் ஃபுட்’ என்று மொட்டையாக எழுதினால் சுங்க அலுவலகத்துக்கே வரச் சொல்வார்கள். முகவரியில் அவள் பெயருக்குக் கீழே ‘கேர் ஆஃப்’ போட்டு அந்தக் குடும்பப் பெயர் கட்டாயம். அங்கே தபால்காரர் வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கொடுப்பார், அவள் பெயர் அங்கே இல்லையென்றால் பார்சல் திரும்பிவிடும்.

இந்தக் கடைகளிடம் ஒரு பெரிய குறை, லேபிள். தேதி இருக்காது, சேர்மானம் இருக்காது. பலகாரத்தைக் கண்டால் அவள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் கை நீட்டும். நிலக்கடலை, எள் ஒவ்வாமை உள்ள பிள்ளையாக இருந்தால் விபரீதம். எதில் கடலை, எதில் எள், எதில் முந்திரி என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஆங்கிலத்தில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் கடைப் பெயர் மட்டும்தான் பெரிதாக இருக்கும்.

முதல் தடவைக்கு மொத்தம் ஐந்து கிலோ போதும்: புளிக்காய்ச்சல் ஒரு கிலோ, பொடிகள் ஒன்றரை, கைமுறுக்கும் சீடையும் இரண்டு, மீதி அதிரசம். பலகாரத்தைக் கிலோ பாக்கெட்டாக வாங்காமல் நூறு கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டச் சொல்லுங்கள். பேக்கிங் கூலி கொஞ்சம் கூடும், ஆனால் பிரித்த பாக்கெட் நமத்துப்போவதற்குள் தின்று முடிக்கலாம்.