2 ஜிபி டேப்லெட்டுக்கு ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக்கும்

2 ஜிபி ரேம் டேப்லெட் திணறுகிறது, வேறு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதற்கு முன் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரையும், அதில் சேர்க்கும் விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனான (பிரவுசரோடு இணைக்கும் சிறு நிரல்) யூபிளாக் ஆரிஜினையும் சேர்த்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்பாவின் டேப்லெட்டில் இந்த ஜோடியைத்தான் வைத்திருக்கிறேன். ரொம்பத் திருப்தி.

அப்பா நாள் முழுக்கச் செய்தி படிப்பவர். டேப்லெட்டோடு வந்த பிரவுசரில் ஒரு கட்டுரையைப் பாதி படித்துவிட்டு வாட்ஸ்அப் பார்த்துத் திரும்பினால், பக்கம் மறுபடி முதலிலிருந்து லோட் ஆகும். "திரும்பவும் போயிடுச்சுப்பா" என்று கூப்பிடுவார். ரேம் போதாதபோது ஆண்ட்ராய்டு பின்னால் கிடக்கும் டேபை மூடிவிடுகிறது, அதனால் வரும் வினை. செய்தித் தளங்களில் அந்த ரேமைத் தின்பதில் பெரும்பங்கு விளம்பரங்களுக்கும் நம்மைப் பின்தொடரும் ஸ்கிரிப்டுகளுக்கும்தான். அவற்றைத் தடுக்க எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஆண்ட்ராய்டு க்ரோமில் அதற்கு வழியில்லை. போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் 138ஆம் பதிப்புதான் கடைசி க்ரோம். அப்பாவுடையது ஆண்ட்ராய்டு 9. ஃபயர்ஃபாக்ஸோ 2023 டிசம்பரிலேயே நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களை ஆண்ட்ராய்டுக்குத் திறந்துவிட்டது.

பிளே ஸ்டோர் இருந்தால் ஃபயர்ஃபாக்ஸை நேரே நிறுவிவிடலாம். இல்லாவிட்டால் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் தளத்திலிருந்தே ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பை, இறக்கலாம். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் சிப் 64 பிட்டாக இருந்தாலும் உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டு 32 பிட்டாக இருக்கும். கோப்பின் பெயரில் வி7ஏ என்றிருந்தால் 32 பிட், வி8ஏ என்றால் 64 பிட். 32 பிட் ஆண்ட்ராய்டில் வி8ஏ கோப்பைப் போட்டால் "ஆப் நிறுவப்படவில்லை" என்பதோடு நின்றுவிடும், காரணம் சொல்லாது. பலர் அந்த இடத்திலேயே டேப்லெட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், பாவம்.

யூபிளாக்கை நிறுவினாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி அதன் செட்டிங்கில் இருக்கிறது. 50 கேபிக்கு மேற்பட்ட படம், வீடியோவைத் தடுக்கும் தேர்வை ஆன் செய்யுங்கள். படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டம் தெரியும், வேண்டுமென்றால் தொட்டால் படம் வந்துவிடும். அடுத்தது ரிமோட் ஃபான்ட். தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவும் தங்கள் எழுத்துருவைத் தனியாக இறக்குகின்றன. அதைத் தடுத்தால் ஆண்ட்ராய்டிலேயே உள்ள தமிழ் எழுத்துருவில் பக்கம் உடனே வந்துவிடும். சில தளங்களில் மெனு, தேடல் ஐகான்கள் மட்டும் வெறும் கட்டங்களாக மாறும். எந்தக் கட்டம் எதற்கு என்று அப்பாவுக்கு இப்போது அத்துப்படி.

ரொம்பவே கனமான தளமா? யூபிளாக்கிலேயே அந்தத் தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பக்கத்துக்குள் ஓடும் நிரலை, அணைத்துவிடுங்கள். வெறும் எழுத்தாக இருக்கும் செய்திக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. அப்புறம் முகவரிப் பட்டையில் உள்ள ரீடர் வியூவைத் தொட்டால் கட்டுரை மட்டும் தனியாக நிற்கும், எழுத்தையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கண் மங்கியவர்களுக்கு இதைவிட நல்ல வசதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். க்ரோமை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட தளங்கள் உண்டு. அப்பா நிரப்பவேண்டியிருந்த ஓர் ஆன்லைன் படிவத்தில் கடைசிப் பட்டன் அசையவே இல்லை. யூபிளாக்கை அணைத்துப் பார்த்தும் பயனில்லாமல், என் லேப்டாப்பில் முடித்துக்கொடுத்தேன். அதேபோல, வைட்வைன் (படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்3 என்ற கீழ்நிலையிலேயே நிற்கும் டேப்லெட்டில் கட்டண ஓடிடி படங்கள் பெரும்பாலும் ஹெச்டியில் வராது. எந்த பிரவுசரைப் போட்டாலும் அது மாறாது.

ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்கில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது; தளங்களின் முகவரியைத் தேடித்தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி அது. அதில் விளம்பரத் தடுப்புச் சேவையான ஆட்கார்டின் டிஎன்எஸ் முகவரியைப் போட்டால் மற்ற ஆப்களில் வரும் விளம்பரங்களும் பெருமளவு குறையும், ரேமுக்கும் சுமை இல்லை. யூடியூப் விளம்பரத்தை அது தொடாது. பழைய பிரவுசரை நீக்க முடியாவிட்டால் ஆப்ஸ் பட்டியலில் போய் முடக்கிவிடுங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வரும் லிங்குகள் அதிலேயே போய்த் திறக்கக்கூடும்.