கடையில் அடித்துத் தரும் வாடகை ஒப்பந்தம்: எதற்குச் சரி, எதற்குச் சரிவராது

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொம்யூனிகேஷன் (தட்டச்சு, போட்டோப் பிரதி) கடைக்குப் போய் இரு தரப்புப் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாடகைத் தொகை சொன்னால் கொஞ்ச நேரத்தில் ஒப்பந்தத் தாள் கைக்கு வந்துவிடும். மலிவு, அலைச்சலும் இல்லை. முற்பணம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பதற்குச் சான்றாக இது போதும். ஆனால் அதில் 'இரண்டு வருடத்துக்கு' என்று இருப்பதை நம்பி வீட்டுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி முடிக்கும் சட்ட அலுவலரான நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்கக் கையெழுத்தாக வேண்டும். முத்திரை ஒட்டினாலும் கிராம அலுவலரிடம் சீல் வாங்கினாலும் அந்தக் குறை தீராது. கடைத் தாளோடு குடியேறியவர் பெரும்பாலும் மாத வாடகைக்காரர்தான். ஒரு மாத முன்னறிவித்தலில் அவரும் போகலாம், வீட்டுக்காரரும் எழுப்பலாம். 1972 வாடகைச் சட்டம் காக்கும் வீடென்றால் வீட்டுக்காரருக்கு வெறும் அறிவித்தல் போதாது.

வன்னியில் இன்னொரு சிக்கல், காணி. நொத்தாரிசு உறுதியை (காணி உரிமைப் பத்திரத்தை) கேட்பார், கடைக்காரர் கேட்கமாட்டார். பேமிற் காணியை, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை, பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. கடை வைக்கவென்று முன்பக்கத்தை நீண்டகாலத்துக்கு எடுப்பவர் பேமிற்றா உறுதியா என்று முதலில் பார்க்கட்டும்.

தாளில் இல்லாதவற்றைக் கையால் எழுதிச் சேர்க்கலாம். குடியேறும் நாளில் மின் மீற்றர் வாசிப்பு. இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் என்றால் அலகு கூடக்கூட விலையும் ஏறும். பில்லைச் சரிபாதியாகப் பிரிப்பதால்தான் பாதிச் சண்டை. ஒரு குடும்பத்தின் பாவனையைத் தனியாக எண்ணும் சப் மீற்றர் போட்டு, மொத்த பில்லை அலகு விகிதப்படி பிரிப்பது என்று எழுதுங்கள். ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் இறங்கும்போது தண்ணீரின்றி ஓடிய மோட்டர் கருகும். கம்பியை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் செலவு யாருக்கு? பழைய மோட்டரென்றால் வீட்டுக்காரருக்கே என்பது நியாயம், கவனிக்காமல் ஓடவிட்டதென்றால் இருப்பவருக்கு.

கிளிநொச்சியில் பல்கலைக்கழக வளாகம் உள்ள அறிவியல் நகர்ப் பக்கம் மாணவர் நால்வர் சேர்ந்து எடுத்து, ஒருவர் மட்டும் கையெழுத்திடுவது வழக்கம். அவர் போனால் மிச்ச வாடகையை மற்ற மூவரிடம் கேட்பது கடினம். நால்வரும் ஒப்பமிட்டு, 'சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு' (முழு வாடகையையும் நால்வரில் எவரிடமும் கேட்கலாம்) என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அதை அடிக்க ஒரு நிமிடமும் ஆகாது.