ஹார்வி விரிகுடாவில் ஓர் அரைநாள்: திமிங்கிலம் காட்டிய படகுச் சேவை

கொழும்பில் இருக்கும் நமக்குத் திமிங்கிலம் பார்ப்பது என்றால், விடியுமுன் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி மிரிஸ்ஸ துறைமுகத்தில் போய் இறங்குவதுதான். நானும் இருமுறை போயிருக்கிறேன். கடந்த செப்டெம்பர் இறுதியில், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள அக்கா வீட்டுக்கு அம்மாவை அழைத்துச் சென்றபோது, ஹார்வி விரிகுடாவில் ஓர் அரைநாள் படகுப் பயணத்துக்குப் பதிவு செய்தோம். கட்டணம் மிரிஸ்ஸவைவிடப் பல மடங்கு. அது எதற்கென்பது, படகோட்டி இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் எனக்கு விளங்கியது.

வடக்கே வெப்பநீரில் ஈன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள், அந்தாட்டிக்காவுக்குத் திரும்பும் வழியில், குகாரி தீவு அலையைத் தடுத்து நிற்கும் இந்த விரிகுடாவில் குட்டிகளுடன் தங்கிச் செல்கின்றன. பிறக்கும்போதே நான்கு மீற்றருக்கு மேல் நீளமுள்ள குட்டி, குளிர்கடலைத் தாங்கும் கொழுப்பைத் தாய்ப்பாலிலிருந்துதான் சேர்க்க வேண்டும். தாயோ, இங்கே ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல், தன் உடற்கொழுப்பைக் கரைத்தே அந்தக் கெட்டியான பாலைச் சுரக்கிறது. ஆகவே குட்டி பால் குடிக்கும் நேரத்தைக் கலைப்பது இரண்டுக்குமே நட்டம் என்று வழிகாட்டிப் பெண் நிதானமாக விளக்கினார். குட்டிகள் தாயிடம் மிகத் தாழ்ந்த குரலிலேயே பேசுகின்றன என்பதை மேற்கு அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் செய்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இயந்திர இரைச்சல் அந்தக் குரலை மூடிவிடும்.

தாய் அசையாமல் மிதந்தது. மூச்சுக்காக அடிக்கடி மேலே வந்த குட்டி, ஒருமுறை தாயின் முதுகில் ஏறி வழுக்கி விழுந்தது. "பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம், சத்தம் போடாதேங்கோ" என்று அம்மா எங்களைத்தான் அதட்டினார்.

திமிங்கிலத்தை 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது என்ற விதி இலங்கையிலும் உண்டு. குட்டி உடனிருந்தால் குயின்ஸ்லாந்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆனால் நான் மிரிஸ்ஸவில் ஏறிய படகுகளில் ஒன்று, நீலத்திமிங்கிலம் வால் தூக்கியதும் மற்றப் படகுகளுடன் போட்டியிட்டு அதன்மேல் பாய்ந்தது. பயணிகளாகிய நாங்களும் கைதட்டினோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹார்வி விரிகுடாப் படகிலும் குறைகள் உண்டு. சைவ உணவென்று முன்கூட்டியே கேட்டிருந்தும் கிடைத்தது பாணும் சீஸும் மட்டுமே. தேநீரை அம்மா ஒரு மிடறோடு வைத்துவிட்டார். மேல்தளத்துப் படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலியுள்ளவர்கள் கீழ்த்தளத்திலேயே இடம் பிடிக்கலாம். குட்டிகளைப் பார்க்கச் செப்டெம்பர், ஒக்டோபர் நல்ல காலம். காற்றுக்குத் தடித்த மேலங்கியும், கடல் வாந்திக்குரிய மாத்திரையும் கொண்டுபோங்கள்; மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு நன்கு முன்பே விழுங்கிவிட வேண்டும்.